உப்பு மாவும் மூன்று ஆசிரியர்களும்



கடந்த பள்ளி விடுமுறையில் செமோரில் எங்கள் வீட்டு வாசலில் பாய் விரித்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஒன்பது பேருடன் உப்பு மாவு பிசைந்தேன். "டீச்சர், இது உப்புமாவா?" என்று ஒரு பையன் கேட்க, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பிள்ளையை விட வந்த ஓர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "விளையாட்டு சரி டீச்சர், இதுல படிப்பு என்ன இருக்கு?" என்றார். நியாயமான கேள்விதானே? வரலாறு என்ன பதில் சொல்கிறது என்று பார்ப்போம், வாங்க.

முதலில் ஜெர்மனிக்குப் போவோம். பிரெடரிக் புரோபெல் என்ற ஆசிரியர் 1837-இல் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சிறு பிள்ளைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார். 1840-இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்', அதாவது 'குழந்தைகளின் தோட்டம்' என்று பெயர் வைத்தார். பிள்ளை கையால் செய்துதான் கற்கிறது என்பது அவர் கருத்து. காகிதம் மடித்தல், பின்னுதல் முதலான கைவேலைகளுடன் களிமண்ணில் உருவம் செய்வதையும் அவர் சேர்த்தார். 1851-இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. மறு ஆண்டே புரோபெல் இறந்துபோனார். 1860-இல் தடை நீங்கியதை அவர் பார்க்கவில்லை.

அடுத்தவர் இங்கிலாந்தின் பாத் நகரில் ஓவியம், சிற்பம் கற்பித்த வில்லியம் ஹார்பட். மாணவர்கள் வேலையை முடிப்பதற்குள் களிமண் காய்ந்து வெடித்துவிடும். இந்தத் தொல்லைக்கு வழி தேடி, 1897-இல் காயாத ஒரு பொருளை உருவாக்கினார். அதுதான் 'பிளாஸ்டிசின்'. 1900-இல் அதைத் தயாரிக்க ஆலையும் வந்தது. இன்று நம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் பையில் வண்ண வண்ணமாகக் கிடப்பது அதன் வழிவந்ததே.

மூன்றாவது கதைதான் உப்பு மாவுக்கு நெருக்கமானது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் வீடுகளைச் சூடாக்க நிலக்கரி எரித்தார்கள். சுவர்த்தாளில் கரி படியும். அதைத் துடைத்தெடுக்க, சின்சினாட்டி நகரின் குட்டால் நிறுவனம் மாவு, உப்பு, தண்ணீர் கலந்த ஒரு பிசைமாவை விற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலக்கரி அடுப்பு குறைந்தது, கழுவக்கூடிய சுவர்த்தாளும் வந்தது. வியாபாரம் படுத்துவிட்டது. அப்போது நியூ ஜெர்சியில் பாலர் பள்ளி நடத்திய கே ஜூஃபால், பிள்ளைகளுடன் கிறிஸ்துமஸ் அலங்காரம் செய்ய மலிவான பொருள் தேடினார். இந்தச் சுவர் துடைக்கும் மாவை வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார். சின்னக் கைக்கு அது இதமாக இருந்தது. நிறுவனத்தில் இருந்த உறவினர் ஜோ மெக்விக்கரிடம் சொன்னார். 1956-இல் அது 'பிளே-டோ' என்ற பெயரில் கடைக்கு வந்தது. அந்தப் பெயரை யோசித்ததும் ஜூஃபால் தம்பதியர்தான்.

கவனிச்சீங்களா? மூன்று கதைகளிலும் வழி கண்டவர் ஓர் ஆசிரியர். எதிரே இருந்த பிள்ளைக்கு என்ன தேவை என்று பார்த்ததால்தான் அவர்களுக்கு வழி தெரிந்தது.

இனி நம் பக்கம் வருவோம். பேராவும் சேர்ந்திருந்த ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும். சட்டம் இருந்தும், பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். எழுத்தும் கணக்கும் கிடைத்தாலே பெரிது. பிள்ளைகளின் கை, அம்மா அப்பாவுக்கு உதவியாக ஒட்டுப்பால் பொறுக்கத்தான் பயன்பட்டது. ஆனாலும் அதே கை ஒட்டுப்பாலை உருட்டிப் பந்து செய்தது, ரப்பர் கொட்டையில் விளையாட்டுக் கண்டுபிடித்தது. அதைப் பாடம் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

நான் தொடக்கப்பள்ளியில் படித்தபோதும் கலைக்கல்வி நேரம் பெரும்பாலும் கணிதத்துக்குப் போய்விடும். யூபிஎஸ்ஆர் தேர்வு நெருங்கினால் கேட்கவே வேண்டாம். 2021-இல் அந்தத் தேர்வை நீக்கிவிட்டார்கள். இப்போதாவது அந்த நேரத்தைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுக்கலாமே.

செய்முறை எளிது. 2 கப் கோதுமை மாவு, 1 கப் தூள் உப்பு, ஏறக்குறைய 1 கப் தண்ணீர். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஒட்டாத பதம் வரும்வரை 10 நிமிடம் பிசையுங்கள். உருவம் கால் அங்குல கனத்துக்கு மேல் வேண்டாம். தொங்கவிடுவதாக இருந்தால், காயும் முன்பே உறிஞ்சுகுழாயால் துளை போடுங்கள். ஓவனில் 100 பாகை செல்சியசில் 2 முதல் 3 மணி நேரம் வைக்கலாம். வெயிலில் என்றால் சில நாள் ஆகும், திருப்பித் திருப்பிப் போட வேண்டும். உப்பு பூஞ்சையைத் தடுக்கும், ஆனால் காற்றின் ஈரத்தையும் இழுக்கும். நம் ஊர் மழைக்காலத்தில் பொருள் மறுபடி இளகிவிடும். அதனால் நன்றாகக் காய்ந்தபின் வண்ணம் தீட்டி வார்னிஷ் பூசுங்கள். உப்பு மிக அதிகம் என்பதால் பிள்ளைகளோ வீட்டு நாய் பூனையோ தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று பிள்ளைகளிடம், "உங்க தாத்தா பாட்டி கையில் இருந்த ஒரு பொருளைச் செய்யுங்க" என்றேன். அதிகம் பேசாத ஓர் ஆண்டு 2 மாணவி சின்னக் கிண்ணம் ஒன்று செய்தாள். "இது என்னம்மா?" என்று கேட்டேன். "மங்கு டீச்சர். பாட்டி மரத்துல கட்டுவாங்களாம். அதுல பால் சொட்டு சொட்டா விழுமாம். மழை பேஞ்சா வேலை இல்லையாம்" என்று மூச்சு விடாமல் சொன்னாள். பால்மரத்தையே பார்க்காத பிள்ளை அவள்! பிசை, உருட்டு, தட்டு, கிள்ளு, திரி என்று அன்று எத்தனை வினைச்சொற்கள் தானாக வந்தன தெரியுமா? தோட்டம் போன பிறகு மங்கு, ஒட்டுப்பால் போன்ற சொற்களும் போய்க்கொண்டிருக்கின்றன. அவை ஒரு பிள்ளையின் வாய்க்குத் திரும்பி வருவது படிப்பு இல்லையென்றால் வேறு எதுதான் படிப்பு?

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. வரலாற்றுக் கட்டுரை எழுதும்போது ஆண்டை மட்டும் மனனம் செய்யாதீங்க. யாருக்கு என்ன தேவை வந்தது, கையில் என்ன இருந்தது, அதனால் என்ன மாறியது என்று கேளுங்கள். 1897-உம் 1956-உம் தானாக நினைவில் நிற்கும்.

மாலையில் அந்த அம்மா பிள்ளையை அழைத்துப் போக வந்தார். காயாத மங்கைத் தட்டோடு பத்திரமாக ஏந்திக்கொண்டு, "அடுத்தது எப்ப டீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.