காந்தத் துகள் பிரிப்பு (எண்ணிம நுண்பாய்மவியல்)

எண்ணிம நுண்பாய்மவியலில் காந்தத் துகள் பிரிப்பு என்பது, மின்முனைகளின் மேல் நகர்த்தப்படும் சிறு நீர்மத் துளி ஒன்றில் கலந்துள்ள காந்தத் துகள்களை ஒரு காந்தத்தால் ஓரிடத்தில் திரட்டி, எஞ்சிய நீர்மத்தை அவற்றிடமிருந்து அகற்றும் செயல்முறை ஆகும். குருதி போன்ற மாதிரிகளில் உள்ள ஒரு குறிப்பிட்ட புரதத்தையோ டி. என். ஏ.யையோ பிற பொருட்களிலிருந்து பிரித்தெடுக்க இது பயன்படுகிறது. ஆய்வுக்கூடங்களில் சோதனைக் குழாயும் பிப்பெட்டும் கொண்டு செய்யப்படும் கழுவுதல் வேலையை, ஒரு மைக்ரோலிட்டர் அளவேயான துளியில் செய்வது இதன் நோக்கம் எனலாம்.

துளியை நகர்த்தும் முறை

மின்னழுத்தத்தால் பாதரசத்தின் பரப்பு இழுவிசை மாறுவதைப் பிரெஞ்சு இயற்பியலாளர் காபிரியேல் லிப்மன் 1875 இல் ஆராய்ந்து வெளியிட்டார். 1993 இல் புரூனோ பெர்ழ், நீர்மத்துக்கும் மின்முனைக்கும் இடையில் மெல்லிய மின்காப்புப் படலம் ஒன்றை வைத்து, நீர் மின்னாற்பகுப்பு அடையாமலே இவ்விளைவைப் பெறலாம் எனக் காட்டினார். இது மின்நனைப்பு எனப்படும். இதைக் கொண்டு துளிகளை நகர்த்தும் கருவிகளை டியூக் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு ஃபேர் குழுவினரும், லாசு ஏஞ்சலசிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சாங்-சின் கிம் குழுவினரும் உருவாக்கினர்.

இக்கருவியில் இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிறு இடைவெளியுடன் அமைந்திருக்கும். கீழ்த்தட்டில் சதுர மின்முனைகள் வரிசையாக உள்ளன. இரு தட்டுகளின் உட்பரப்பும் டெஃப்லான் போன்ற நீர்வெறுக்கும் பொருளால் பூசப்பட்டிருக்கும். துளியை அடுத்துள்ள மின்முனைக்கு மின்னழுத்தம் தரும்போது அப்பக்கத்தில் துளியின் சேர்கோணம் குறைகிறது. துளி அம்மின்முனையின் மேல் நகர்கிறது. மின்முனையின் பக்கம் 1.5 மி.மீ., தட்டுகளின் இடைவெளி 0.2 மி.மீ. எனில், ஒரு மின்முனையை நிரப்பும் துளியின் பருமன் ஏறத்தாழ 0.45 மைக்ரோலிட்டர் ஆகும். "எண்ணிம" என்னும் அடைமொழி கணினியைக் குறிப்பதன்று. நீர்மம் தொடர்ச்சியாக ஓடாமல், எண்ணத்தக்க தனித்தனித் துளிகளாகக் கையாளப்படுவதையே அது குறிக்கிறது.

துகள்கள்

நோர்வே வேதியியலாளர் யோன் உகெல்சுதாது 1976 இல் ஒரே அளவுள்ள பாலிசுடைரீன் உருண்டைகளைச் செய்வதில் வெற்றிகண்டார். இவ்வுருண்டைகளுக்குள் இரும்பு ஆக்சைடின் மிக நுண்ணிய படிகங்களைப் புகுத்தியதால் இன்று பரவலாக வழங்கும் காந்தத் துகள்கள் பிறந்தன. படிகங்கள் சில நானோமீட்டர் அளவே உள்ளவை என்பதால், துகள்கள் காந்தம் அருகிலிருக்கும்போது மட்டும் ஈர்க்கப்படும். அதை அகற்றியதும் காந்தத்தன்மையை இழந்து மீண்டும் நீர்மத்தில் கலக்கும். துகளின் பரப்பில் பிறபொருளெதிரியைப் பிணைத்து வைத்தால், அது தனக்குரிய புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும்.

துகளின் அளவைத் தேர்வதிலேயே முதல் சிக்கல் தொடங்குகிறது. காந்த விசை ஆரத்தின் மும்மடிக்கும், நீர்மத்தின் பாகியல் தடை ஆரத்துக்கும் நேர்த்தகவில் உள்ளன. எனவே திரளும் வேகம் ஆரத்தின் இருமடியைப் பொறுத்தது, 2.8 மைக்ரோமீட்டர் துகள், அதே பொருளாலான 1 மைக்ரோமீட்டர் துகளைவிட ஏறத்தாழ 8 மடங்கு வேகமாகத் திரளும். ஆனால் அதே எடைக்குச் சிறிய துகள்களே அதிகப் பரப்பைத் தந்து, அதிகப் புரதத்தைப் பற்றும்.

பிரித்தலும் கழுவுதலும்

துகள்கள் உள்ள துளியுடன் தூய கழுவுநீர்த் துளி ஒன்று சேர்க்கப்படுகிறது. தட்டின் அடியிலுள்ள காந்தம் துகள்களை ஒரு முனைக்கு இழுக்கிறது. பின்னர் இரு முனைகளிலுமுள்ள மின்முனைகளை இயக்கி, நடு மின்முனையை அணைத்தால், துளி நீண்டு, நடுவில் கழுத்துப் போலக் குறுகி, இரண்டாக அறுபடும். துகள்கள் ஒரு பாதியில் தங்க, மறுபாதி கழிவாக அகற்றப்படும். பிட்சுபர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாங், சாவோ, சோ ஆகியோர் 2007 இல் இவ்வாறு துளிக்குள்ளேயே காந்தத் துகள்களைப் பிரிக்கும் முறை ஒன்றை வெளியிட்டனர்.

சம அளவில் கழுவுநீர் சேர்த்துச் சமமாகப் பிரித்தால், ஒவ்வொரு முறையும் வேண்டாத பொருள் பாதியாகும். 10 முறை கழுவினால் 1024 இல் ஒரு பங்கே எஞ்சும். இது எளிதாகத் தோன்றினாலும், ஒவ்வொரு முறையும் சில துகள்களும் கழிவோடு போய்விடுகின்றன. ஒரு முறைக்கு 99 விழுக்காடு துகள்கள் தங்கினால் 10 முறைக்குப் பின் 90 விழுக்காடு எஞ்சும். 95 விழுக்காடே தங்கினால் ஏறத்தாழ 60 விழுக்காடுதான் எஞ்சும். ஆக, தூய்மையைக் கூட்டக் கூட்ட, அளக்க வேண்டிய பொருளே குறைகிறது. கழுவல் போதாவிடில், ஒளிரும் குறிப்பொருள் பூட்டிய பிறபொருளெதிரிகள் எஞ்சி, நோயோ நோயெதிர்ப்போ இல்லாதவரிடம் இருப்பதாகக் காட்டும். துகள்கள் இழக்கப்பட்டால் இருப்பதை இல்லையெனக் காட்டும். இதற்கு ஒரு வழி, கழுவுநீரை மூன்று மடங்காகச் சேர்த்து முக்கால் பங்கை அகற்றுவது. அப்போது 5 முறையே போதும். எனினும் பெரிய துளியில் துகள்கள் திரள அதிக நேரம் தேவை.

துகள் இழப்பு பெரும்பாலும் துளி அறுபடும் கணத்தில் நேர்கிறது. கழுத்துப் பகுதியில் நீர்மம் விரைந்து ஓடுவதால், அதற்கு அருகிலுள்ள துகள்கள் இழுத்துச் செல்லப்படும். ஆகவே துகள் திரள் கழுத்திலிருந்து இயன்றவரை விலகி இருக்க வேண்டும். இங்கு காந்தப்புலத்தின் வலிமை மட்டுமன்றி, அது இடத்துக்கு இடம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதும் முக்கியம்.

காற்றும் எண்ணெயும்

தட்டுகளின் இடைவெளியைச் சிலிக்கோன் எண்ணெயால் நிரப்பினால் துளி எளிதாக நகரும், எளிதாக அறுபடும், ஆவியாகாது. காற்றில் இவ்வளவு சிறிய துளி விரைவில் சுருங்கிவிடும். அதிக மின்னழுத்தமும் தேவைப்படும். ஆனால் எண்ணெயில் காந்தம் மிக வலியதாக இருந்தால், துகள் திரள் துளியின் எல்லையைக் கிழித்துக்கொண்டு வெளியேறிவிடக்கூடும். இரு சூழலிலும் புரதங்களும் துகள்களும் டெஃப்லான் பரப்பில் ஒட்டிக்கொள்வது பெருந்தொல்லை. புளூரோனிக் எனப்படும் பல்லுறுப்பியைச் சிறிதளவு சேர்த்து இதைக் குறைக்கலாம் என்பதை டொரோண்டோ பல்கலைக்கழகத்தின் ஆரன் வீலர் குழுவினர் 2008 இல் காட்டினர்.

இதே குழுவினர் 2012 இல் வெளியிட்ட முறையில் துளி அறுக்கப்படுவதில்லை. காந்தம் துகள்களைப் பிடித்து நிற்க, துளி முழுவதும் அவற்றை விட்டு நகர்த்தப்படுகிறது. பின் காந்தம் கீழிறங்க, புதிய துளி வந்து துகள்களை மீண்டும் கலக்கிக்கொள்கிறது. பழைய நீர்மத்தில் மிகச் சிறு பகுதியே தங்குவதால் கழுவும் தடவைகள் வெகுவாகக் குறைகின்றன.

பயன்பாடு

இன்சுலின், இன்டர்லியூக்கின்-6 ஆகியவற்றைக் காந்தத் துகள்கள் கொண்டு எண்ணெய் நிரப்பிய கருவியில் அளக்கும் முறை 2008 இல் வெளியானது. அதைவிடக் கடினமான சோதனை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நடந்தது. வீலர் குழுவினர் கென்யாவின் ககுமா அகதிகள் முகாமுக்குத் தம் கருவியைக் கொண்டுசென்று, விரல் நுனியிலிருந்து எடுத்த குருதியில் தட்டம்மை, உருபெல்லா ஆகியவற்றுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் உள்ளனவா எனச் சோதித்தனர். அதன் முடிவுகள் 2018 இல் வெளியாயின. இத்தகைய இடத்தில் கழுவல் பிழை வெறும் எண் பிழை அன்று. நோயெதிர்ப்பு இல்லாத குழந்தைக்கு அது உண்டு எனக் கருவி கூறினால், அக்குழந்தைக்குத் தடுப்பூசி போடப்படாமலே போகலாம்.