இலட்சம் வயல்களின் நாடு

கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகையிரதம் பட்டிப்பொல நிலையத்தைக் கடந்ததும் ஒரு சுரங்கத்துள் நுழைகிறது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்திலே சுரங்கத்தின் இப்புறம் மழை கொட்ட, அப்புறம் வெயில் எறிப்பதைப் பிரயாணிகள் பலர் கண்டிருப்பர். அந்த வெயிலோடுதான் ஊவா மாகாணம் நம்மை வரவேற்கிறது.

மத்திய மலைத்தொடர் மழைமுகிலை மறித்துவிடுவதால், வரண்ட காற்றே இக்கிழக்குச் சரிவுகளை அடைகிறது. ஜூலை முதல் செப்ரெம்பர் வரை வீசும் இக்காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த தனி மணத்தைத் தருகிறது.

பதுளை, மொனராகலை எனும் இரு மாவட்டங்களைக் கொண்ட இம்மாகாணம் 1886 இல் அமைக்கப்பட்டது. பதுளை மலைநாடு. 'ஒன்பது சிகரங்கள்' எனப் பொருள்படும் நமுனுகுலை, 2,036 மீற்றர் உயர்ந்து அங்கே காவல் நிற்கிறது. மொனராகலையின் பெரும்பகுதி மலையடிவாரத் தாழ்நிலம். அப்பகுதியின் பழம்பெயர் வெல்லஸ்ஸ. இலட்சம் வயல்கள் என்று அதற்குப் பொருள் கூறுவர்.

இலட்சம் வயல்கள் செழித்த மண், நாட்டின் வறிய பகுதிகளுள் ஒன்றாக எண்ணப்படும் நிலைக்கு வந்தது எவ்வாறு?

கண்டி இராச்சியம் 1815 இல் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1817 இல் ஊவாவிலே கிளர்ச்சி மூண்டது. அதனை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொல திசாவை, கிளர்ச்சியாளரோடு சேர்ந்து தலைமையேற்றார். 1818 நவம்பரில் சிரச்சேதம் செய்யப்பட்டார். தேசாதிபதி பிரவுன்ரிக்கின் படைகள் கிளர்ச்சியாளரோடு மாத்திரம் போரிடவில்லை. வீடுகளை எரித்தன; பயிர்களை அழித்தன; கால்நடைகளைக் கொன்றன. பஞ்சமும் நோயும் பின்தொடர்ந்தன.

அடுத்த அடி சட்டத்தின் வடிவில் வந்தது. உறுதி இல்லாத காடும் சேனை நிலமும் முடிக்குரியவை என 1840 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் கொண்டது. மலைச்சரிவுகள் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன. காட்டை வெட்டவும் கோப்பிப்பழம் பறிக்கவும் தமிழகத்து ஏழைக் குடியானவர் அழைத்து வரப்பட்டனர். 1869 இல் தோன்றிய இலைநோயினால் கோப்பி அழிய, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தோமஸ் லிப்டன் 1890 இல் தம்பேதென்னைத் தோட்டத்தை வாங்கினார். அவர் அமர்ந்து தேயிலைக் காடுகளைப் பார்த்ததாகச் சொல்லப்படும் 'லிப்டன் ஆசனம்' இன்று உல்லாசப் பிரயாணிகள் கூடும் இடம்.

தோட்டங்களைத் தொடர்ந்து புகையிரதப் பாதையும் நீண்டது. தெமோதரையில் அது குன்றைச் சுற்றிவந்து, தன் நிலையத்தின் அடியிலேயே சுரங்கமாகப் புகுந்து செல்லும் விந்தையைக் காணலாம். 1924 இல் பாதை பதுளையை எட்டியது. துன்ஹிந்தவில் பதுளு ஓயா 64 மீற்றர் வீழ்கிறது. தியலும நீர்வீழ்ச்சியோ 220 மீற்றர். தெற்கே மாணிக்க கங்கைக் கரையில் கதிர்காமம். அங்கே சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கூடி வழிபடுகின்றனர்.

ஆயினும் ஊவாவின் வரலாறு இரண்டு கதைகளாகவே சொல்லப்பட்டு வருகிறது. சிங்களக் கிராமத்திலே 1818 இன் கதை; தோட்டத்து லயத்திலே கடல் கடந்து வந்த கதை. கிராமத்தவர் சிலர், தம் காணியைப் பிடித்துக்கொண்டவராகத் தோட்டத் தொழிலாளியைக் கருதினர். அத்தொழிலாளிக்கோ ஒரு பேர்ச் காணியும் சொந்தமில்லை. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவருட் பெரும்பாலோர் குடியுரிமையும் இழந்தனர். எஞ்சியோரின் பிரச்சினை தீரும் சட்டத்துக்கு 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. தலைமுறைகளாக அந்த மலையில் உழைத்தவர்களுக்கு, விலகிப்போய்க் குடியிருக்கத் தமக்கென ஓரிடம் இருக்கவில்லை.

காணியை இழந்தவரும் காணியே பெறாதவரும் ஒரே மலையில் அயலவராய் வாழ்கின்றனர். இருவர் வறுமைக்கும் வேர் ஒன்றே. ஊவாவின் பாடநூல்களிலே இவ்விரு கதைகளும் அடுத்தடுத்த பக்கங்களில் இடம்பெறுமாயின், அயலவரை அயலவர் அறிந்துகொள்ள அதுவே நல்ல தொடக்கமாகும்.