இந்து மில்: நாடா தொடக் கூடாதவர்கள் கேட்டு வாங்கிய நிலம்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 6 அன்று மும்பை தாதர் கடற்கரையில் இலட்சக்கணக்கான மக்கள் கூடுகிறார்கள். சைத்திய பூமியில் அண்ணல் அம்பேத்கருக்கு வணக்கம் செலுத்த வரும் அந்த மக்களுக்குப் பக்கத்திலேயே, பல ஆண்டுகளாக ஒரு மதில் நின்றது. மதிலுக்கு அப்பால் ஓடாத ஆலை ஒன்று, சுமார் 12 ஏக்கர் நிலத்தில். இந்தியா யுனைடெட் மில் எண் 6. மக்கள் சொல்லும் பெயர் இந்து மில்.

அங்கே இன்று எழுந்துகொண்டிருக்கும் அம்பேத்கர் நினைவகத்தைப் பற்றிப் பேசும்போது பலரும் சிலையின் உயரத்தோடு நின்றுவிடுகிறார்கள். நாம் ஆலையிலிருந்து தொடங்குவோம். பம்பாய்ப் பஞ்சாலைகளுக்கும் நமக்கும் தீராத கணக்கு ஒன்று இருக்கிறது.

ஆலைக்குள் சாதி இல்லை, இயந்திரத்துக்கு முன் எல்லோரும் தொழிலாளி என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். பம்பாய் ஆலைகளின் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோருக்கு இடமில்லை. தறியில் ஊடை நூல் தீர்ந்ததும் நாடாவில் புதிய தாரைப் பொருத்தி, நூல் முனையை வாயால் உறிஞ்சி நாடாவின் கண் வழியே இழுக்க வேண்டும். ஒரு மகர் வாய் வைத்த நாடாவில் தாங்கள் வாய் வைப்பதா என்று மறுத்தார்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள். கூலி கூடுதலாகக் கிடைத்த பிரிவு அதுதான். நம் மக்கள் கூலி குறைந்த நூற்புப் பிரிவில் நிறுத்தப்பட்டார்கள். முதலாளி போட்ட தடை மட்டுமல்ல இது. பக்கத்தில் நின்று உழைத்தவன் போட்ட தடை.

1928ஆம் ஆண்டு பம்பாய்ப் பஞ்சாலைகளில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. நெசவுப் பிரிவைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிடுவதையும் கோரிக்கையாக வையுங்கள் என்று தொழிற்சங்கத் தலைவர்களை அம்பேத்கர் வலியுறுத்தினார். அவர்கள் அரைமனதோடுதான் இசைந்தார்கள். அவர் அப்போது குடியிருந்ததே பரேலில், தொழிலாளர்கள் நிறைந்த ஒரு சாலில். எனவே இது அவருக்கு ஏட்டுச் சிக்கல் அல்ல. ஆனாலும் அவர் தொழிலாளர் போராட்டத்துக்கு முதுகு காட்டவில்லை. 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1938 பிப்ரவரியில் மன்மாட்டில் ரயில்வே தொழிலாளர்களிடம் பேசும்போது, பார்ப்பனியம், முதலாளியம் இரண்டையுமே எதிரிகளாகச் சுட்டினார். அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, வேலைநிறுத்த உரிமையைப் பறிக்கும் சட்டத்துக்கு எதிராகக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார்.

பிறகு ஆலைகளே மறைந்தன. 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை இலட்சம் பேர் இறங்கினார்கள். அதன் பிறகு பலருக்கு வேலை திரும்பவே இல்லை. 1991இல் வந்த விதி, ஆலை நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பொதுவெளிக்கு, ஒரு பங்கு வீட்டு வசதிக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு என்றது. 2001இல் அதைத் திருத்தி, கட்டடம் இல்லாத காலி இடத்துக்கு மட்டும் அந்தப் பங்கீடு என்று சுருக்கினார்கள். பீனிக்ஸ் மில் வணிக வளாகமானது. உழைத்தவர்கள் நகரின் ஓரத்துக்குப் போனார்கள்.

இந்து மில் அந்த வழியில் போகாமல் நின்றதற்கு யாருடைய கருணையும் காரணமல்ல. அது தேசிய பஞ்சாலைக் கழகத்தின் கையில் இருந்த அரசு நிலம். அதை அம்பேத்கர் நினைவகத்துக்குக் கொடு என்று தலித் இயக்கங்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டன. 2011 டிசம்பர் 6 அன்று தொண்டர்கள் ஆலைக்குள் நுழைந்து அமர்ந்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் நிலத்தைக் கொடுப்பதாக ஒன்றிய அரசு அறிவித்தது. 2015 அக்டோபர் 11 அன்று பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். நிலத்தை வென்றவர்கள் மதில் ஏறியவர்கள். கல்வெட்டில் இருப்பது வேறு பெயர்கள்.

திட்டத்தில் பீடத்தோடு சேர்த்து 450 அடி உயரச் சிலை, நூலகம், அரங்கம், கண்காட்சிக்கூடம் எல்லாம் உண்டு. சிலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஊர் ஊராக நம் சிலைகள் கூண்டுக்குள் நிற்கும் நாட்டில், கடலைப் பார்த்து நிற்கும் அம்பேத்கரின் அருமை நமக்குத் தெரியும். ஆனால் சிலையை அண்ணாந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும் இடமாக அது ஆகிவிடக் கூடாது. கிராமத்திலிருந்து வரும் முதல் தலைமுறை மாணவி கட்டணமின்றி உட்கார்ந்து படிக்க அந்த நூலகம் வேண்டும். ஆலையில் வேலை பார்த்து, தெருவில் பாடி, எழுத்தாளராக உயர்ந்த அண்ணாபாவ் சாட்டேயின் வழிவந்த கலைஞர்களுக்கு அந்த அரங்கம் வேண்டும்.

கண்காட்சிக்கூடத்தில் நாம் கேட்பது ஒரே ஒரு பொருள்: ஒரு மர நாடா. அதன் அருகில், இதில் வாய் வைக்க யாருக்கு உரிமை இல்லாதிருந்தது என்று தெளிவாக எழுதிய ஒரு பலகை. காலாசௌக்கியில் பழைய இந்தியா யுனைடெட் ஆலை வளாகத்தில் மாநகராட்சி எடுத்துள்ள பஞ்சாலை அருங்காட்சியகத் திட்டத்துக்கும் இதே கோரிக்கைதான். புகைபோக்கியையும் தறியையும் காத்துவிட்டு, தறியருகே நிற்க விடப்படாதவர்களை விட்டுவிட்டால் அது பாதி வரலாறுதான்.

நிலம் கிடைத்துவிட்டது. அதில் எழுதப்படும் வரலாற்றையும் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஜெய்பீம்.