கதிர் பட்டதும் விழித்த மரபணு

1965-ஆம் ஆண்டு. எங்கள் பிரெஞ்சு வாத்தியார் ஒரு நாள் வகுப்புக்குள் வந்ததும் கரும்பலகையில் மூன்று பெயர்களை எழுதினார்: ல்வோஃப், ழக்கோப், மொனோ. மருத்துவ நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சுக்காரர்கள். "இவர்கள் என்ன கண்டுபிடித்தார்கள், முசியே?" என்று கேட்டேன். "பெரியவனானதும் படித்துக்கொள்" என்றார். பெரியவனாகி, குமாஸ்தா வேலை பார்த்து, பென்ஷனும் வாங்கி, இப்போதுதான் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

பாரீஸ் பாஸ்தேர் நிலையத்தில் அந்த்ரே ல்வோஃப் ஒரு வகை பாக்டீரியாவை ஆராய்ந்துகொண்டிருந்தார். தலைமுறை தலைமுறையாக நன்றாகவே வாழும். திடீரென்று அதில் ஒன்று வெடித்து, உள்ளிருந்து வைரஸ்கள் கொட்டும். எது தூண்டுகிறது? என்னென்னவோ செய்து பார்த்தும் பலனில்லை. கடைசியில் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தார்கள். சற்று நேரம் வழக்கம்போல் வளர்ந்த பாக்டீரியாக்கள், பிறகு கூட்டமாக வெடித்தன. இது 1950-க்குச் சற்று முன்பின் நடந்தது.

அதே 1950-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர் பிரான்சுவா ழக்கோப். மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர், 1940-இல் தெகோல் படையில் சேர்ந்தார். 1944-இல் நார்மாந்தியில் படுகாயம். அறுவை மருத்துவர் ஆகும் கனவு அதோடு போயிற்று. முப்பது வயதில் புதிதாகத் தொடங்கினார். 1958-இல் மனைவியோடு சினிமா பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்குப் பொறி தட்டியது. வைரஸின் மரபணுக்களை ஒரு பொருள் பூட்டி வைத்திருக்கிறது; பாக்டீரியாவின் பால்சர்க்கரை மரபணுக்களுக்கும் அதே மாதிரிப் பூட்டு! 1961-இல் ழாக் மொனோவோடு சேர்ந்து அதை விரிவாக எழுதினார்.

எங்கள் அலுவலகத்தில் சில கோப்புகள் அரக்கு முத்திரையோடு அலமாரியில் கிடக்கும். கோப்பு இருக்கும், ஆனால் யாரும் படிக்க முடியாது. மரபணுவும் அப்படித்தான். இருப்பது வேறு, வாசிக்கப்படுவது வேறு.

அப்படியானால் கதிர் எப்படி முத்திரையை உடைத்தது? இதற்கு விடை காண மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவில் எவ்லின் விட்கின் அம்மையாரும், குரோவேஷியாவில் பிறந்த மிரோஸ்லாவ் ராட்மனும் வழிகாட்டினார்கள். கதிர் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகிறது. நகலெடுக்கும் வேலை அங்கே தடைப்பட்டு, ஓர் இழை தனியாக வெளியே தெரிகிறது. 'ரெக்-ஏ' என்ற புரதம் அதில் போய் ஒட்டிக்கொள்கிறது. உடனே 'லெக்ஸ்-ஏ' என்ற பூட்டு தானே துண்டாகிவிடுகிறது. ஈ.கோலை பாக்டீரியாவில் நாற்பதுக்கு மேற்பட்ட மரபணுக்கள் விழித்துப் பழுதுபார்க்க இறங்குகின்றன. பழுது தீர்ந்ததும் பூட்டு மறுபடி விழுகிறது. ஆபத்தில் சிக்கிய கப்பல் அனுப்பும் சைகையை நினைத்து இதற்கு 'எஸ்.ஓ.எஸ்.' என்று ராட்மன் பெயர் வைத்தார். உள்ளே ஒளிந்திருந்த வைரஸின் பூட்டும் இதே வழியில்தான் உடைகிறது. கப்பல் மூழ்கப்போகிறது என்று தெரிந்ததும் அது வெளியே குதித்துவிடுகிறது!

நம் உடம்பிலும் இப்படி ஒரு காவலர் உண்டு. பி53 என்று பெயர். டி.என்.ஏ. சேதமானால், செல் பிரிவதை நிறுத்தும் மரபணுக்களை அது எழுப்பும். சரிசெய்யவே முடியாவிட்டால் அந்தச் செல்லைச் சாகச் சொல்லும். மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்தக் காவலரே பழுதாகியிருக்கிறார்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். எஸ்.ஓ.எஸ். நேரத்தில் பாக்டீரியா அவசரத்தில் பிழையோடும் நகலெடுக்கும். அந்தப் பிழைகளில் ஒன்று மருந்துக்கு அடங்காத கிருமியை உண்டாக்கலாம். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரைகள் கிருமியின் டி.என்.ஏ.வைத் தாக்கியே கொல்கின்றன. அப்போதும் இந்த அபாயச் சங்கு ஊதும். நம் வயதுக்காரர்கள் பலர் பழைய சீட்டைக் காட்டி இந்த மாத்திரையை வாங்கி விழுங்குகிறோம். நானும் செய்தவன்தான். இனி டாக்டரைக் கேட்காமல் தொடுவதில்லை.

வாத்தியார் இப்போது இல்லை. இருந்திருந்தால், "படித்துவிட்டேன், முசியே" என்று சொல்லியிருப்பேன்.