சோக் வயரும் சலைன் ரியூப்பும்

போன மாதம் எங்கள் நண்பன் ஒருவனின் அப்பப்பாவுடைய மொறிஸ் மைனரைத் தள்ளிக்கொண்டு கராஜுக்குப் போனோம். பழைய காபரேட்டர் தேய்ந்து பெற்றோல் ஒழுகியது. பழைய சாமான் கடையொன்றில் எடுத்த இன்னொரு எஸ்.யூ. காபரேட்டர் கையில் இருந்தது. அதைக் கழற்றி இதைப் பூட்டினால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தோம். பூட்டியும் ஆயிற்று. ஆனால் சோக் வயர் எட்டவில்லை. வேறு ஏதோ காரில் இருந்த காபரேட்டர் என்பதால் அதன் சோக் லீவர் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

"உதுக்கு ஏன் பிள்ளையள் முழிக்கிறியள்? நாங்கள் அஞ்சு வருசம் சோக்கை நம்பாமலே ஓடினனாங்கள்" என்றார் கராஜ் ஐயா.

அந்த ஐந்து வருடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சோக் என்ன செய்கிறது என்று பார்ப்போம். எஞ்சின் குளிராக இருக்கும்போது பெற்றோல் முழுவதும் ஆவியாகாது. அதனால் வழமையைவிடக் கூடுதலாக எரிபொருள் தேவை. சில காபரேட்டர்களில் சோக்கை இழுத்தால் ஒரு தகடு காற்றுப் பாதையை மறைக்கும். எஸ்.யூ. வேறு விதம். டாஷ்போட்டில் குமிழை இழுக்க, வயர் லீவரை இழுக்கும், லீவர் ஜெற்றைக் கீழே இறக்கும். ஜெற்றுக்குள் நிற்கும் ஊசி நுனிப்பக்கம் மெலிந்தது. ஆகவே ஜெற் இறங்க இறங்க இடைவெளி கூடி, பெற்றோலும் கூட வரும். எஞ்சின் சூடானதும் குமிழை உள்ளே தள்ளிவிட வேண்டும்.

மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பத்து இலட்சத்தைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார் இதுதான். 1970களின் தொடக்கத்தில் அங்கே உற்பத்தி நின்றுபோனது. இலங்கையில் அதே காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு. புதுக் கார் வராததால் இருந்த கார்களையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். யாழ்ப்பாணத்து ஹயர் கார்கள் என்றாலே மொறிஸும் ஒஸ்ரினும் என்று ஆனது இப்படித்தான்.

1990 ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கியது. யாழ்தேவி நின்றது. மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, உதிரிப்பாகம் எல்லாம் தடைப் பட்டியலில். மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்தது. விளக்குக்கும் அதுதான், காருக்கும் அதுதான்.

ஆனால் மண்ணெண்ணெயில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியைத் தரும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகைக்கு மேல் வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் சோக்கை எவ்வளவு இழுத்தாலும் கூடுதல் மண்ணெண்ணெய் வருமே தவிர, கூடுதல் ஆவி வராது. சோக் அளவைக் கூட்டும், எரிபொருளின் குணத்தை மாற்றாது.

ஆகவே சோக்கின் வேலை டாஷ்போட்டில் இருந்து கைக்கு வந்தது. ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சப் பெற்றோல், அதில் சலைன் ரியூப் துண்டொன்று. பொனற்றைத் திறந்து, காபரேட்டர் வாயில் சில துளிகள் விட்டு, ஸ்ரார்ட் பண்ண வேண்டும். பற்றரி இல்லையென்றால் தள்ள வேண்டும். எஞ்சின் சூடாகியபின் ராங்கில் இருக்கும் மண்ணெண்ணெயில் ஓடும். வழியில் நின்று ஆறிவிட்டால் திரும்பவும் போத்தல்தான்.

இந்தக் கதையை எங்கள் வீடுகளில் பெருமையாகச் சொல்வார்கள். 2022இல் பெற்றோல் வரிசைகளில் நாங்கள் நின்றபோதும், கியூஆர் கோட் வந்தபோதும், "நாங்கள் மண்ணெண்ணெயில ஓடின ஆக்கள்" என்பதை எத்தனையோ பேர் சொல்லக் கேட்டோம். அதைக் கேட்க எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கராஜ் ஐயாவிடம் அதைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை.

"கெட்டித்தனம் எண்டு நினைக்காதேங்கோ. எரியாத எண்ணெய் பிஸ்ரன் ரிங்கால இறங்கி எஞ்சின் ஒயிலோட கலந்திடும். ஒயில் தண்ணி மாதிரி ஆகும். எத்தினை நல்ல எஞ்சின் பழுதாப் போச்சு தெரியுமே? புகையால கண் எரியும். ராத்திரியில பிள்ளைப்பேத்துக்கு ஒரு பொம்பிளையை ஏத்திக்கொண்டு போகேக்கை கார் நிண்டுது. போத்தலில ஒரு துளி இல்லை. அண்டைக்கு நாங்கள் என்ன கெட்டித்தனம் காட்டினனாங்கள்? தள்ளினனாங்கள், அவ்வளவுதான்."

எங்களுக்கு உறைத்தது. சலைன் ரியூப்பை வெறும் சாமர்த்தியக் கதையாகச் சொல்லும்போது தடை என்ற சொல் மெல்லக் கழன்றுவிடுகிறது. தங்களுக்கு ஏன் அப்படி ஓட வேண்டி வந்தது என்ற கேள்வி போய், எப்படி ஓடினோம் என்ற வியப்பு மட்டும் மிஞ்சுகிறது. அதற்காகச் சாமர்த்தியத்தை மறக்கவும் சொல்லவில்லை. அந்தக் கைகள் செய்ததை ஒவ்வொரு துளியாக எழுதி வைக்க வேண்டும். அதோடு பழுதான எஞ்சினையும் வழியில் நின்ற காரையும் சேர்த்து எழுத வேண்டும். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வு பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். கராஜ்காரர்களின் சாட்சியத்தை நாங்கள் இன்னும் போதுமான அளவு கேட்கவில்லை. அவர்களுக்கு வயதாகிக்கொண்டு போகிறது.

பின்னேரம் ஐயா ஒரு தகட்டை வளைத்து ஓட்டை போட்டு, சோக் வயரின் வெளி உறையைப் பிடிக்க ஒரு தாங்கி செய்தார். லீவரைக் கழற்றித் திருப்பிப் பூட்டினார். உள் வயரை லீவரில் இறுக்கும்போது ஒரு மில்லிமீற்றரளவு தொய்வு விட்டார். ஏன் என்று கேட்டோம். தொய்வு இல்லாவிட்டால் குமிழைத் தள்ளிய பிறகும் ஜெற் முழுதாக மேலே வராதாம். பெற்றோல் வீணாகும், கரும்புகை வரும், பிளக் கரி பிடிக்கும்.

சோக்கை இழுத்தோம். இரண்டாம் முறையில் எஞ்சின் பிடித்தது.

"இனிக் கொஞ்சம் கொஞ்சமா உள்ளை தள்ளுங்கோ" என்றார் ஐயா. அடுத்த சனிக்கிழமை போன் ஒன்றில் அவர் குரலைப் பதிவு செய்ய வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.