பியூஸ் போதல் (டி.சி. மோட்டார்ச் சுற்று)

தாழ்மின்னழுத்த டி.சி. மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டம் அளவு மீறும்போது பியூஸ் இழை உருகிச் சுற்றைத் துண்டித்தல். லாரிகளின் வைப்பர், விசிறி மோட்டார்கள் பெரும்பாலும் 24 வோல்ட்டில் இயங்குபவை. கார்களில் 12, பேட்டரி ஆட்டோக்களில் பெரும்பாலும் 48.

காரணங்கள் இருவகை: ஒயரிங் ஷார்ட், மோட்டாரின் மிகைச்சுமை. சுழலும் மோட்டார் எதிர்மின்னழுத்தத்தை உண்டாக்கித் தன் மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்துகிறது. மோட்டார் சிக்கி நின்றால் அந்த எதிர்மின்னழுத்தம் மறைந்துவிடும். சுருள்தடை அரை ஓம் உள்ள 12 வோல்ட் மோட்டார் ஓடும்போது 4 ஆம்பியர் எடுத்தாலும், நின்ற நிலையில் 24 ஆம்பியர் இழுக்கும். இறுகிய பேரிங், கம்யூட்டேட்டர் இடுக்கில் படிந்த கார்பன் தூள், தலைகீழாக இணைத்த டயோடு ஆகியவையும் காரணமாகலாம்.

சோதனைக்கு மோட்டார் இணைப்பைக் கழற்றி, பியூஸ் இருந்த இடத்தில் 21 வாட் பல்பை இணைக்க வேண்டும் (24 வோல்ட் வண்டிக்கு 24 வோல்ட் பல்பு). முழு ஒளி வந்தால் ஒயர் பாடியில் உரசுகிறது. எரியாவிட்டால் மோட்டாரையும் அது இயக்கும் பொறியையும் பார்க்க வேண்டும். சுவிட்சை ஆன் செய்ததுமே போகும் பியூஸ் பெரும்பாலும் ஷார்ட்டையும், சில நிமிடம் தாங்கிப் போவது சுமையையும் குறிக்கும்.

பிளேடு பியூஸில் சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். சாதாரண பிளேடு வகை 32 வோல்ட் வரைக்கே உரியது, டி.சி. தீப்பொறி தானாக அணையாது என்பதால் 48 வோல்ட் வண்டிக்கு அது ஆகாது. பியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றும் வழக்கம் ஒயரிங்கையே பியூஸாக்குவதாகும்.