சால்வர்: நஞ்சுக்கு அஞ்சிப் பிறந்த சொல்

விம்பிள்டன் மகளிர் ஒற்றையர் பட்டத்தை வென்றவர் தூக்கிக் காட்டும் வட்டமான வெள்ளித் தட்டுக்கு ஆங்கிலத்தில் 'சால்வர்' என்று பெயர். பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் 1864இல் செய்தது. 1886 முதல் பரிசாக நிற்கிறது. வெற்றியின் சின்னத்துக்கு வழங்கும் இந்தப் பெயர் அச்சத்தில் பிறந்தது.

ஸ்பானிய மொழியில் 'சல்வா' என்பது, பெருமக்கள் உண்ணுமுன் வேறொருவர் சுவைத்துப் பார்க்கும் நஞ்சுச் சோதனை. காத்தல் என்னும் பொருளுடைய லத்தீன் வினை இதன் வேர். சோதித்த கிண்ணத்தை ஏந்திவந்த தட்டுக்கும் அதுவே பெயராயிற்று. இத்தாலியின் 'கிரெடென்சா'வும் இதே குடும்பக் கதைதான்: நம்பிக்கை என்னும் சொல், சோதித்த உணவை வைக்கும் மேசைக்குப் பெயரானது. பிரெஞ்சு வழியே இங்கிலாந்து சேர்ந்த 'சல்வா', 'பிளாட்டர்' போன்ற சொற்களின் சாயலில் ஈறு சேர்த்துக்கொண்டது.

1661இல் தாமஸ் பிளவுண்ட் தம் அகராதியில் இதைப் புதுப்பாணி வெள்ளிப் பாத்திரம் என்கிறார்: அகன்ற தட்டு, அடியில் பாதம், பீர் சிந்தி விரிப்பும் ஆடையும் பாழாகாமல் காப்பது. நஞ்சு அதற்குள் மறந்துவிட்டது. காத்தல் மட்டும் மறக்கவில்லை.

கோப்பையின் வளைவில் பொறிப்புக்குக் கிடைக்காத இடம் தட்டின் சமதளத்தில் கிடைக்கும். சிற்றுளிக்கு அது போதும். இதை உணர்த்தும் கதை ஒன்று உண்டு. அந்நாளைய இங்கிலாந்தில் ஆட்சி மாறியதும் மறைந்த மன்னரின் பழைய முத்திரை பயனிழந்தது. அதன் வெள்ளி, பொறுப்பிலிருந்த அமைச்சருக்குச் சேர்வது வழக்கமாக இருந்தது. மேரி அரசியின் பெருமுத்திரையிலிருந்து நிக்கலஸ் பேக்கன் 1574இல் கோப்பை செய்வித்தார். முதலாம் ஜார்ஜ் 1727இல் மறைந்தபோது கருவூல முத்திரை அமைச்சர் ராபர்ட் வால்போலுக்குக் கிடைத்தது. அவர் சால்வரைத் தேர்ந்தார். 1728-29இல் அதைச் செய்தவர் பால் டி லாமெரி, பிரான்சை விட்டு வெளியேறிய ஹியூகனாட் குடும்பத்தவர். பொறித்தவர் ஓவியர் ஹோகார்த் என்று கருதுகிறார்கள். இளமையில் வெள்ளியில் பொறிக்கும் தொழில் பயின்றவர் அவர். பொறிப்பில் முத்திரையின் இரு முகங்களையும் ஹெர்குலிஸ் தாங்குகிறான், அருகில் அவதூறும் பொறாமையும் உருவெடுத்திருக்கின்றன, பின்னால் லண்டன் நகரம் விரிகிறது. பிரிட்டிஷ் வெள்ளியில் இதற்கு இணையான பொறிப்பு வேலை அரிது என்பேன். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

பின்னாளில் இந்தப் பெருமை அமைச்சர்களோடு நிற்கவில்லை. பணி ஓய்வு பெறுபவருக்கும், உடன் உழைத்தவர்களின் கையெழுத்துகளை அவரவர் எழுதியபடியே பொறித்த சால்வர் பரிசாகச் சென்றது.